நல்லியப்பன் வீட்டு ராஜாளி

கூத்தம்பாறை நல்லியப்பன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்த சிமெண்டு ராஜாளி, ஆடி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் டவுன் பஸ் ஊருக்குள் திரும்புகிற நேரத்தில், இரண்டு தரம் கொக்கரித்துவிட்டு ஒரு முட்டை போட்டது. ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கூத்தம்பாறை நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர், அங்கே மனிதர்களைவிடக் கோழிகள் பல மடங்கு அதிகம், கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும் பண்ணையில் தடுப்பூசி நாள் எது என்று கேட்டுவிட்டுத்தான் குறிப்பார்கள், அப்படிப்பட்ட ஊரில் முட்டை என்பது பொழுது விடிந்தால் வருகிற சமாச்சாரம், ஆகவே இத்தனை நாள் ஏன் போடாமல் இருந்தது என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டார்கள். தலையில் இடி விழுந்த மாதிரி நின்ற ஒரே ஆள், அந்தப் பறவையைச் செய்த செங்கோடன் மேஸ்திரி.

ஏனென்றால் அவன் செய்தது ராஜாளி. அப்படித்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

நல்லியப்பன் பதினெட்டு வருஷம் துபாயில் ஒரு பெரிய மனிதருக்குக் கார் ஓட்டியவர். அந்தப் பெரிய மனிதரிடம் ஒரு ராஜாளி இருந்தது. அது பின்சீட்டில் தனியாக உட்கார்ந்துவரும், அதற்காக ஏசியைக் கூட்டிவைக்க வேண்டும், அதற்கென்று போட்டோ ஒட்டிய பாஸ்போர்ட்டுகூட இருந்தது, நல்லியப்பனுடைய பாஸ்போர்ட்டோ முதலாளியின் பீரோவுக்குள் இருந்தது. பதினெட்டு வருஷமும் கண்ணாடியில் அந்தப் பறவையின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வண்டி ஓட்டியவர், ஊர் திரும்பி மாடி வீடு கட்டியபோது, வடக்கே எங்கேயோ வீட்டு மாடிகளில் ஏரோப்பிளேன் மாதிரியும் ஃபுட்பால் மாதிரியும் தண்ணித்தொட்டி கட்டிவைத்திருக்கிற படங்களைப் போனில் பார்த்துவிட்டு, செங்கோடனைக் கூப்பிட்டு, “எனக்கு ராஜாளி வேணும்டா செங்கோடா. வயித்துல தண்ணி நிக்கோணும். இனி அது எனக்குச் சேவகம் பண்ணட்டும்” என்றார்.

செங்கோடன் ஒத்துக்கொண்டான். நல்லியப்பனின் போனில் இருந்த ராஜாளி படத்தை, கண்ணாடி கீறல் விட்ட தன் போனுக்கு வாங்கிக்கொண்டு, மாடியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, கம்பி வளைத்து, அதன்மேல் கோழிவலை சுற்றி, அதன்மேல் சிமெண்டு பூசி, ஒவ்வொரு இறகாகக் கரணையால் கீறிக் கீறி இரண்டு மாதம் வேலை செய்தான். அந்தப் படத்தை அவன் ஒரு நாளைக்கு நூறு தரம் பார்த்தான் என்பது உண்மை. ஆனால் முப்பது வருஷமாக அவன் தளம் போட்டது, தூண் நிறுத்தியது, மத்தியானம் சோத்துப் போசியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டது எல்லாமே கோழிப்பண்ணைகளில்தான் என்பதும் உண்மை. அவன் சாப்பிடுவதை லட்சக்கணக்கான கோழிகள் ஒற்றைக் கண்ணால் பார்த்திருக்கின்றன. கண் பார்த்தது போனில் இருந்த படத்தை, கை செய்தது கைக்குத் தெரிந்ததை.

புதுமனை புகுவிழா அன்று தார்ப்பாயை அவிழ்த்தார்கள். நல்லியப்பன் பறவையை மூன்று சுற்றுச் சுற்றிவந்தார்.

“இதென்ன செங்கோடா?”

“ராஜாளிங்ணா.”

இன்னும் பந்தி போடவில்லை, வெறும் வயிற்றோடு சிரித்து வீட்டுக்காரர் மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஊர் பொறுமையாக இருந்தது. பந்தி முடிந்து கைகழுவுகிற இடத்தில்தான் சிரித்தார்கள், அதுவும் செங்கோடன் காதில் விழாத தூரத்தில்தான், அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்த ஊர் அது. உண்மையைச் சொன்னால் பறவைக்கு ராஜாளியின் வளைந்த மூக்கு இருந்தது. அந்த மூக்குக்குப் பின்னால் இருந்ததெல்லாம், கொண்டையைத் தவிர, முட்டையிடப் பொருத்தமான இடம் தேடிக்கொண்டிருக்கிற ஒரு நல்ல குடும்பத்துக் கோழி.

சிரிப்பு ஊரோடு நின்றிருந்தால் செங்கோடனும் மறந்திருப்பான். மிருணாளினி என்று ஒரு பெண், கோயமுத்தூர்க்காரி, ‘கோணல் கடை’ என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். பல் தேய்க்கிற பிள்ளையார் பொம்மை, நாய் மாதிரி இருக்கிற பள்ளிக்கூடத்துச் சிங்கம், மீசை வைத்த தேவதை, மணமக்களின் தலையை மட்டும் தாமரைப்பூவுக்குள் ஒட்டிய கல்யாண பேனர், இப்படி ஊர் ஊராகப் போய்க் கோணலானவற்றைப் படமெடுத்துப் போடுவாள். அவள் சிரிக்கப் போடவில்லை, அதெல்லாம் அவளுக்கு உயிர், ஆனால் பார்க்கிறவன் சிரிப்பதை அவள் எப்படித் தடுப்பாள்? பஸ் ஜன்னல் வழியாக அவள் எடுத்த படத்தின் கீழே ‘இது ராஜாளி என்று சொல்கிறார்கள்’ என்று ஒரே ஒரு வரி எழுதினாள். அவ்வளவுதான்.

சிரித்தார்கள். சேலத்தில் சிரித்தார்கள், சிங்கப்பூரில் சிரித்தார்கள், தமிழே தெரியாதவர்கள் தங்கள் தங்கள் பாஷையில் சிரித்தார்கள். ‘ராஜாளிக்கு ஜலதோஷம் பிடித்தால் இப்படித்தான் இருக்கும்’ என்றான் ஒருவன், ‘வேட்டைக்கு அனுப்பினால் வாக்கிங் போய்விட்டு வருகிற முகம்’ என்றாள் ஒருத்தி. அதை வெட்டி நிலாவில் உட்காரவைத்தார்கள், அதற்குக் கூலிங் கிளாஸ் மாட்டினார்கள், ரேஷன் கார்டு அடித்துக் கொடுத்தார்கள், ஹால் டிக்கெட்டில் ஒட்டினார்கள், பிரேசில் நாட்டில் ஒரு பார்பர் அதைத் தன் கெண்டைக்காலில் பச்சை குத்திக்கொண்டு படம் போட்டார். அந்தப் பச்சையில் அது இன்னும் அழகாக இருந்தது.

செங்கோடன் அத்தனையையும் பார்த்தான். கீறல் விட்ட கண்ணாடியில், ஒன்று விடாமல் பார்த்தான். வேலூர் ரோட்டில் ஒரு ரைஸ்மில்காரர் கேட் தூணுக்கு இரண்டு சிங்கம் கேட்டிருந்தவர், “சிங்கம் கேட்டா ஆடு நிக்குமாட்ட இருக்குது, வேண்டாம் மேஸ்திரி” என்று சொல்லிவிட்டார். ஒரு பண்ணைக்காரர் வெறும் சுவர் பூசுவதற்குக்கூட, “சொவுரு சொவுராட்டத்தான வரும்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆள் அனுப்பினார். கைவேலைக்காரனுக்கு அவன் பேர்தான் சோறு. அது போய்விட்டதென்று அவனுக்குத் தெரிந்தது. அதனாலேயே டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், கேட்டவனிடமும் கேட்காதவனிடமும், “அது ராஜாளிதாங். பாக்கத் தெரியோணும்” என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். நல்லியப்பனோ, ஆவணி பிறந்ததும் முதல் வேலை அந்தச் சனியனை உடைப்பதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஆவணி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் அது முட்டை போட்டது.

கல்யாண வீட்டுச் சோத்துக் குண்டான் அளவு முட்டை. அதை இறக்க ஆறு பேர், சாக்கு, தேங்காய் நார்க் கயிறு எல்லாம் தேவைப்பட்டன. ஓட்டை உடைக்க மேஸ்திரிதான் சரி என்று செங்கோடனுக்கு ஆள் அனுப்பினார்கள், அவன் கதவைச் சாத்திக்கொண்டான், கடைசியில் எலக்ட்ரீஷியன் டிரில்லிங் மிஷின் வைத்துத் துளை போட்டார். மஞ்சள் கரு மட்டும் இரண்டு பக்கெட் நின்றது. பஸ் ஸ்டாப் புரோட்டாக் கடை மாஸ்டர் அதை வாங்கி, மிளகுத்தூள் தூவி, சால்னா விட்டு, கலக்கி என்கிற அரைவேக்காட்டு ஆம்லெட்டாகப் போட்டு, நான்கு தெருவுக்கும் இலையில் கொடுத்தனுப்பினார். கொஞ்சம் போர்வெல் தண்ணி வாசம் அடித்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, உப்பு மட்டும் அரைவாசி போட்டால் போதும் என்று மாஸ்டர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

நல்லியப்பன் இரண்டாவது இலையை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே, “கோழிதான் சொல்லிச் செஞ்சேன், நம்மூருக்கு ராஜாளி எதுக்கு?” என்று சொன்னார். அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்து அவரே அதை நம்பவும் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைப் பார்த்தது. கோழி என்று தெரிந்துவிட்ட பிறகு அந்த ஊருக்கு என்ன செய்ய வேண்டுமென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டையிடுகிற கோழிக்குப் பகலும் விளக்குமாகப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று மாடியில் நான்கு டியூப் லைட் கட்டினார்கள். மூன்றாவது முட்டையின் ஓடு மெலிசாக இருந்தது, சுண்ணாம்புச் சத்து பத்தவில்லை என்று ஒரு மூட்டை கிளிஞ்சலும், சிமெண்டுக் கோழியாச்சே என்று இரண்டு மூட்டை சிமெண்டும் அள்ளிவைத்தார்கள், பறவை சிமெண்டை மட்டும் கொத்தித் தின்றது. அரசாங்கக் கால்நடை மருத்துவர் திலகவதி வந்து பார்த்தார். தடுப்பு மருந்தைக் குடிக்கிற தண்ணீரில் கலந்து கொடுப்பதுதான் பண்ணை வழக்கம், இந்தக் கோழியோ தானே தண்ணித்தொட்டி, ஆகவே மருந்தை நேராக வயிற்றுக்குள் ஊற்றிவிட்டு மூடியைச் சாத்தினார். அந்தத் தண்ணீரைத்தான் நல்லியப்பன் வீட்டில் குளித்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள், அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கோழிச் சீக்கான வெள்ளைக் கழிச்சல் வரவில்லை.

செய்தி கேட்டு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். சிரித்துப் பதிவு போட்டவர்களே நேரில் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, யார் ஆரம்பித்தார்களோ, தங்கள் வீட்டில் கோணலாகப் போனவற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பூசணிக்காய் மாதிரி வந்துவிட்ட தன் மாமனாரின் மார்பளவுச் சிலையோடு ராசிபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். பல்லி மாதிரி இருக்கிற, குரோஷா நூலில் பின்னிய மயிலோடு ஒரு டீச்சர் வந்தார். கிதார் கேட்டதற்குக் கரண்டி மாதிரி செய்து கொடுத்த பிறந்தநாள் கேக்கோடு ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்தது. எல்லாவற்றையும் காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக வைத்து, பறவையின் பார்வை படட்டும் என்று காத்திருந்தார்கள். மாமனார் சிலை மூன்றாம் நாள் ஒரு தும்மல் தும்மியது. மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவரேதான், அதே தும்மல்” என்று சொல்லி, சிலையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்தக் கூத்தில் எல்லாம் சேராதவன் செங்கோடன் ஒருவன்தான். ஒவ்வொரு முட்டையும் அவனுக்குச் செருப்படி. நேற்று வரைக்கும் அவன் செய்தது கோணலான ராஜாளி, அப்படியென்றால் இன்னொரு நாள் நேரான ராஜாளியும் செய்துவிடலாம். இன்றைக்கு அது நேரான கோழி, அப்படியென்றால் அவன் கைக்கு ராஜாளியே வராது. “ராஜாளி முட்டை போடாதா? குட்டியா போடும்?” என்று டீக்கடையில் ஒரு நாள் கத்தினான். நியாயமான கேள்விதான், ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை, அவர்கள் கையில் கலக்கி இருந்தது.

அதற்கு மேல் மூக்கு விவகாரம் வந்தது. பண்ணைக் கோழிகளுக்கு மூக்கு நுனியை வெட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் கொத்திக்கொள்ளும். ஐந்தாவது முட்டையில் ஒரு கீறல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அந்த வளைந்த மூக்கால்தான் கீறியிருக்கிறது, வெட்டிவிட வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் முடிவு செய்து, வெல்டிங் கடையிலிருந்து கேஸ் கட்டரோடு மாடி ஏறினார்கள். செங்கோடன் அவர்களுக்கு முன்னால் ஓடிப் பறவையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“இந்த மூக்கு ஒண்ணுதாங்கய்யா ராஜாளி! இதைத் தொடறதுன்னா மொதல்ல என்ற கையை வெட்டிப்போட்டுத் தொடுங்க!”

அவன் அழுதுகொண்டிருந்தான். அவர்கள் சங்கடப்பட்டு, சரி மூக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று இறங்கிப்போனார்கள். பறவை தலையைக் குனிந்து, அந்த வளைந்த மூக்கால் அவன் தலைமயிரைப் பிரித்துப் பிரித்து, எதையோ தேடுகிற மாதிரி மெதுவாகக் கோதிவிட்டது. செங்கோடன் சட்டென்று விலகி, “ச்சீ, கோழியாட்ட என்ன பண்ற?” என்று அதட்டினான்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் தெருவில் நின்று மாடியைப் பார்த்துக் கத்துவது அவன் வழக்கமாகிவிட்டது. “நீ கோழி இல்ல! கேக்குதா? நீ கோழி இல்ல! எந்திரி, பற!” பறவை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவனையே பார்க்கும். அவன் போன பிறகும் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். தினம் ஒரு முட்டை என்றிருந்தது இரண்டு நாளைக்கு ஒன்றானது, வாரத்துக்கு ஒன்றானது, புரட்டாசியில் நின்றேபோனது. கழுத்து தொங்கியது. முதுகில் விரிசல் விட்டு, நல்லியப்பனின் புதுப் பெயிண்டின்மேல் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது.

டாக்டர் திலகவதி மறுபடி வந்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, கீழே இறங்கி நேராகச் செங்கோடனிடம் வந்தார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல மேஸ்திரி. பண்ணைப் பக்கத்துல ஒரு பட்டாசு வெடிச்சாலே மூணு நாளைக்கு முட்டை கொறையும், உங்களுக்குத் தெரியாததா? தினமும் வந்து நீ இது இல்ல, நீ இது இல்லன்னா எந்த உசிருதான் தாங்கும்?”

“அது ராஜாளிங்க மேடம்.”

“அப்படியே இருக்கட்டும். இன்னும் ஒரு வாரம் இப்படிக் கத்துங்க, செத்த ராஜாளியா ஆயிரும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

முட்டை நின்றுபோன கோழியை என்ன செய்வார்கள் என்பது கூத்தம்பாறையில் எல்லோருக்கும் தெரியும். கறிக்கு ஏற்றிப்போக லாரி வரும். இதை லாரியில் ஏற்ற முடியாது, ஆகவே நல்லியப்பன் கான்கிரீட் உடைக்கிற மிஷினுக்குச் சொல்லிவிட்டார், புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்று பேச்சு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது, அவர் வீட்டு ஹாலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டு மிருணாளினி கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செங்கோடன் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மனைவி மாராயி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை அவளுக்கு, இருபது வருஷமாக அதே வேலை, ஒரு கோழியைப் பார்த்தாலே அது நாளைக்கு என்ன செய்யும் என்று சொல்லிவிடுவாள்.

“ஏனுங், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“நான் போயிப் பாத்தனுங். கழுத்துல அந்த மடிப்பு இருக்குதுல்ல, நெஞ்சுகிட்ட இறகு ஒதுங்கி நிக்கறது, அடிவயித்துப் பூமயிரு... எங்க பண்ணையில நாப்பதாயிரம் உருப்படி இருக்குது, ஒண்ணுகூட அத்தனை நல்லா இல்லீங். நீங்க செஞ்சதுலயே அதுதானுங் ஒசத்தி.”

செங்கோடன் ரசத்துக்குக் கை நீட்டினான், அவள் ஊற்றினாள். பூமயிர் செய்தபோது கரணையைப் போட்டுவிட்டு விரல் நுனியாலேயே இழைத்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. போனில் இருந்த படத்தில் அடிவயிறு தெரியவே இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நல்லியப்பன் வீட்டு முன்னால் ஊரே நின்றது. மிஷின்காரர் ஒயரை மாடிக்கு இழுத்துவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். மிருணாளினி போனை உயர்த்திப் பிடித்து நேரலை போட்டுக்கொண்டிருந்தாள், பதினோரு லட்சம் பேர் அங்கங்கே இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிரேசில் பார்பரும் கடையைச் சாத்திவிட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தார். பறவை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் கழுத்தைப் போட்டுக் கிடந்தது. செங்கோடன் வருகிறான் என்றதும் கூட்டம் வழிவிட்டது, வழக்கம்போலக் கத்தப் போகிறான் என்று சிலர் சிரிக்கத் தயாரானார்கள்.

மிருணாளினி போனை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். “அய்யா, கடைசியா ஒரு தடவை நீங்களே சொல்லுங்க. அது என்ன?”

செங்கோடன் மாடியைப் பார்த்தான். ராஜாளி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், சொன்னால் அவன் பேர் அவனிடம் இருக்கும், கோணலாகவாவது இருக்கும். பறவை ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து அவனைப் பார்த்தது. அந்தக் கண்ணைச் சுற்றியிருந்த சின்னச் சுருக்கங்களை, ஒன்பது சுருக்கம், ஒவ்வொன்றாகப் போட்டவன் அவன். அப்படி ஒரு கண்ணை உலகத்தில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் கோணியது. அவன் கையை நீட்டி, தானியம் இறைக்கிற மாதிரி விரலை அசைத்து, பதினோரு லட்சம் பேருக்கு முன்னால், அந்திக்குக் கோழி அடைக்கிற பொம்பளைகள் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டான்.

“பா... பா... பா... பா...”

யாரும் சிரிக்கவில்லை.

“பா... பா... வா சாமி... பா... பா...”

பறவை கழுத்தைத் தூக்கியது. எழுந்து நின்றது. உட்கார்ந்திருக்கிற பறவைக்குக் கால் எதற்கு என்று செங்கோடன் கால் செய்யாமலே விட்டிருந்தான், ஆனால் கால் இருந்தது, நல்ல மஞ்சள் கால். ஒரு உதறு உதறியது, பைப்பெல்லாம் பட்பட்டென்று பிடுங்கிக்கொண்டன, தண்ணீர் நாலா பக்கமும் பீய்ச்சியடித்தது, மிஷின்காரர் ஒயரை விட்டுவிட்டுப் படியில் பாய்ந்தார். பிறகு அது மாடி விளிம்புக்கு வந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து, குதிக்கலாமா வேண்டாமா என்று எல்லாக் கோழியும் யோசிக்கிற அந்த யோசனையை யோசித்து, இறக்கையை விரித்துப் படபடவென்று அடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கிற கூச்சலோடு, தெருவில் வந்து இறங்கியது. ராஜாளி அப்படி இறங்காது. கூட்டம் மொத்தமும் நனைந்து நின்றது, நனைந்ததைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, விசில் அடித்தார்கள், பண்ணைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், டாக்டர் திலகவதி வேலையில் இருக்கிறோம் என்பதை மறந்து கைதட்டினார்.

“டேய் செங்கோடா! என்ற தண்ணித்தொட்டிடா அது!” என்று, உடைப்பதற்குள் கடைசியாக ஒரு குளியல் போட்டுக்கொண்டிருந்த நல்லியப்பன் தலையில் சோப்பு நுரையோடு குளியலறை ஜன்னலில் தோன்றினார்.

“வேற கட்டித் தாரனுங்ணா! வட்டமா, தொட்டியாட்டவே கட்டித் தாரேன்!” என்று செங்கோடன் கத்திவிட்டு, முன்னே நடந்தான். பறவை பின்னே நடந்தது. அவன் நின்றால் அது நின்றது, அவன் சந்து திரும்பினால் அது சந்துக்குள் இறக்கையை ஒடுக்கிக்கொண்டு திரும்பியது, வயிற்றில் மிச்சமிருந்த தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் களக் களக்கென்றது. டவுன் பஸ் டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு வழிவிட்டார், கண்டக்டர் இறங்கி மற்ற வண்டிகளை மறித்தார். மாராயி வேலை செய்கிற ரோட்டோரப் பண்ணையில் இருந்த நாற்பதாயிரம் கோழிகளும் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, சத்தமே இல்லாமல், அது தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தன.

மாராயி வீட்டு வாசலில் நின்றாள். புருஷனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை உயரத்துக்கு நின்றதைப் பார்த்தாள், கேட்டின் அகலத்தைப் பார்த்தாள். “செத்த இருங்க” என்று உள்ளே போய்க் கடப்பாரை எடுத்துவந்து, கேட்டைக் கீலோடு நெம்பிக் கழற்றி ஓரமாகச் சாத்தினாள்.

மிருணாளினி மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடிவந்திருந்தாள், போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “அய்யா, எல்லாரும் கேக்கறாங்க, கீழ என்னன்னு எழுதட்டும்? கோழியா, ராஜாளியா?”

செங்கோடன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பறவை குனிந்து அவன் தலைமயிரைக் கோத ஆரம்பித்தது, இந்தத் தடவை அவன் விலகவில்லை.

“கோழின்னு எழுது அம்முணி” என்றான். அவள் எழுதத் தொடங்கியதும், “இரு, இரு” என்று தடுத்தான். “செங்கோடன் செஞ்ச கோழின்னு எழுது.”